பூஞ்சணப் பயிரும் நொதிப்பொருள் விளைச்சலும்

மழைக்காலத்தில் நெற்பத்தாயத்தைத் திறந்து பார்க்கும் குடியானவர், அடியில் கட்டியாய்ப் பிடித்துக் கிடக்கும் தானியத்தின் மேல் வெண்மையாகவும் பச்சையாகவும் படர்ந்திருக்கும் பூஞ்சணத்தைக் கண்டால் மனம் வருந்துவது இயற்கையே. பாடுபட்டு விளைவித்த பண்டத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் வந்து தின்றுவிடும் பகைவனாகவே அதனை எல்லோரும் கருதுகின்றனர். எனினும், அதே இனத்தைச் சேர்ந்த சில பூஞ்சணங்களை நெல்லையும் கரும்பையும் போலவே விதையிட்டு, நீர் பாய்ச்சி, வெப்பமும் காற்றும் அளவாய்க் கொடுத்து, பருவமறிந்து அறுவடை செய்யும் தொழில் ஒன்று உலகில் பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது. அப்பயிரின் விளைச்சல் தானியமன்று. நொதிப்பொருள் என்னும் நுண்ணிய சரக்காகும். அப்பயிருக்கு ஏற்ற நிலமோ பெரும்பாலும் தவிடு, வைக்கோல், நார்க்கழிவு முதலிய மலிவான பண்டங்களேயாம். ஆதலின் இத்தொழிலின் பக்குவங்களை அறிந்துகொள்வது நிலமுடையோருக்கு இருவகையில் பயன்படும். கழிவென்று தள்ளப்படும் பொருள்களின் உண்மையான மதிப்பு விளங்கும் என்பது ஒன்று. பூஞ்சணம் எந்த நிலைமையில் செழிக்கும் என்பதை அறிந்தவர், அது செழிக்கக்கூடாத இடத்தில் அதனைத் தடுக்கவும் வல்லவராவர் என்பது மற்றொன்று.

நொதிப்பொருள் என்பது யாது?

கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினால், சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சியைவிட அது நீர்த்தும் சற்று இனிப்பாகவும் இருப்பதைத் தாய்மார் அறிவர். முளைக்கும்போது விதையினுள் உண்டாகும் ஒரு பொருள், கெட்டியான மாவுச்சத்தைச் சிறு சிறு துண்டங்களாக வெட்டிச் சர்க்கரையாக்கிவிடுவதே இதற்குக் காரணம். இவ்வாறு ஒரு பொருளை மற்றொன்றாக மாற்றும் வேலையை விரைவுபடுத்தியும், தான் செலவாகாமல் மீண்டும் மீண்டும் அதே வேலையைச் செய்தும் வரும் புரதப் பொருள்களுக்கே நொதிப்பொருள்கள் என்று பெயர். மாவுச்சத்தை வெட்டுவது அமிலேஸ் எனப்படும். புரதத்தை வெட்டுவது புரோட்டியேஸ். வைக்கோலிலுள்ள நார்ச்சத்தை வெட்டுவது செல்லுலேஸ்.

பூஞ்சணத்துக்கு வாயுமில்லை, வயிறுமில்லை. அது வளரும் பண்டத்திலுள்ள மாவும் புரதமும் பெரிய பெரிய மூலக்கூறுகளாக இருத்தலின், அவற்றை நூலிழை போன்ற தன் உடலுக்குள் இழுத்துக்கொள்ள இயலாது. ஆகையால் அது நொதிப்பொருளை வெளியே கசியவிட்டு, பண்டத்தை அங்கேயே கரைத்து, கரைந்த சாரத்தையே உறிஞ்சிக் கொள்ளுகிறது. மாடு உள்ளே செய்யும் செரிமானத்தைப் பூஞ்சணம் வெளியே செய்கிறது எனலாம். வெளியே விடப்படும் அந்நொதிப்பொருளை நீரில் கரைத்து எடுத்துக்கொள்வதே தொழிலின் சூட்சுமம். எந்த ஆகாரத்தை எந்த நிலையில் கொடுக்கிறோமோ அதற்கேற்ற நொதிப்பொருளையே பூஞ்சணம் மிகுதியாக விடும்.

ஜப்பானியரின் கோஜி

இத்தொழிலில் நெடுங்காலத் தேர்ச்சி பெற்றவர் ஜப்பானியர். அவர்கள் வேகவைத்த அரிசியின்மேல் ஒருவகைப் பூஞ்சணத்தை வளர்த்து அதனைக் கோஜி என்று வழங்குகின்றனர். அரிசி மது, சோயாக் குழம்பு, மீசோ என்னும் விழுது ஆகிய யாவற்றுக்கும் கோஜியே அடிப்படை. இப்பூஞ்சணத்தை 1876-ஆம் ஆண்டில் அஹ்ல்பர்க் என்னும் ஜெர்மானியர் தோக்கியோவில் ஆராய்ந்து விவரித்தார். இன்று அது ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைஸே எனப் பெயர் பெற்றுள்ளது. அதன் மரபுக்கூறு முழுவதும் 2005-ஆம் ஆண்டில் படித்தறியப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் ஜப்பானிய மது வடிப்போர் சங்கத்தார் அதனைத் தம் நாட்டின் தேசியப் பூஞ்சணம் என்றே அறிவித்தனர்.

கோஜி செய்யும் முறை வருமாறு. நன்றாகத் தீட்டிய அரிசியை நீரில் ஊறவைத்து வடித்து, ஆவியில் சுமார் ஒரு மணி நேரம் வேகவைப்பர். சோறாக வடித்தால் பருக்கைகள் குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆவியில் வெந்தாலோ உள்ளே மென்மையும் வெளியே வறட்சியும் பொருந்திப் பருக்கை தனித்தனியாக நிற்கும். பிறகு அதனைப் பரப்பி, கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, விதைக்கோஜி எனப்படும் பூஞ்சண வித்துத்தூளை மெல்லத் தூவி, வெதுவெதுப்பான அறையில் குவித்துத் துணியால் மூடி வைப்பர். சுமார் ஒருநாள் கழிந்ததும் குவியல் தானே சூடேறத் தொடங்கும். அப்போது கட்டிகளை உதிர்த்துக் கிளறி, ஆழமில்லாத மரத்தட்டுகளில் பரப்புவர். மேலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறியும், பள்ளம் மேடு செய்து பரப்பளவைக் கூட்டியும் சூட்டை அடக்குவர். தொடக்கத்திலிருந்து 40 முதல் 50 மணி நேரத்துக்குள் பருக்கைகள் வெண்மையான இழைகளால் போர்த்தப்பட்டு, வறுத்த கொட்டையின் மணம் வீசும். அதுவே அறுவடைப் பருவம்.

தவிட்டின் மதிப்பை உயர்த்தியவர்

இவ்வீட்டுத் தொழிலை இரசாயனத் தொழிலாக மாற்றியவர் ஜோக்கிச்சி தக்காமினே என்பவர். 1854-ஆம் ஆண்டில் ஜப்பானில் தக்காவோக்கா நகரில் பிறந்து, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவில் கல்வி பயின்ற இவர், 1890-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். அந்நாட்டில் சாராயம் வடிப்போர் தானியத்தின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்க முளைகட்டிய பார்லியையே நம்பியிருந்தனர். பார்லியை விளைவிக்க ஒரு பருவமும், முளைகட்டிப் பக்குவப்படுத்தப் பல நாட்களும் வேண்டும். தக்காமினே, கோதுமைத் தவிட்டை ஈரமாக்கி ஆவியில் வேகவைத்து, அதன்மேல் கோஜிப் பூஞ்சணத்தை வளர்த்து, இரண்டே நாட்களில் அதே வேலையைச் செய்யும் பொருளைப் பெற்றார். ஆலைகளில் மலிவாகக் கிடந்த தவிடு விலைமதிப்புள்ள சரக்காக மாறியது.

இலினாய் மாகாணத்துப் பியோரியா நகரில் இம்முறை பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பார்லி முளைகட்டும் தொழிலில் ஈடுபட்டிருந்தோர் தம் பிழைப்புக்குக் கேடு வருமென அஞ்சி எதிர்த்தனர். 1891-ஆம் ஆண்டில் தீ விபத்தொன்றால் பெருநஷ்டமும் நேர்ந்தது. எனினும் அவர் தளரவில்லை. தவிட்டுக் கோஜியை நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில் சாராயத்தைச் சேர்த்தால் நொதிப்பொருள் பொடியாகப் படிந்துவிடும் என்பதைக் கையாண்டு, 1894-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் காப்புரிமையைப் பெற்றார். அப்பொடி டாக்கா-டயஸ்டேஸ் என்னும் பெயருடன் செரிமான மருந்தாக விற்பனைக்கு வந்து பெரும் புகழ் பெற்றது. நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிப்பொருள் செய்யும் இக்காலத்துப் பெருந்தொழிலுக்கு அதுவே தொடக்கமாயிற்று.

பக்குவத்தின் அங்கங்கள்

ஒரே விதை, ஒரே தவிடு, ஒரே தட்டு. ஆயினும் ஒருவர் கையில் விளைச்சல் மிகுந்தும் மற்றொருவர் கையில் குறைந்தும் காணப்படும். இவ்வேறுபாடு தற்செயலன்று. கீழ்க்கண்ட அங்கங்கள் ஒவ்வொன்றும் தத்தம் அளவில் அமைய வேண்டும்.

(1) விதை: பயிருக்கு விதை எவ்வளவு முக்கியமோ பூஞ்சணத்துக்கும் அவ்வளவே. ஜப்பானில் விதைக்கோஜியை மட்டும் தயார் செய்து விற்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உள்ளன. அவர்கள் அரிசியுடன் மரச்சாம்பலைக் கலந்து அதில் பூஞ்சணத்தை வளர்ப்பர். சாம்பலின் காரத்தன்மை பிற கிருமிகளை அடக்கும். அதிலுள்ள பொட்டாசியம் முதலிய உப்புகள் வித்துகள் செழிக்க உதவும். நுண்ணோக்கி வருமுன்னரே கைக்கொள்ளப்பட்ட இம்முறையின் நுட்பம் வியக்கத்தக்கது. நூறு கிலோ அரிசிக்குச் சுமார் நூறு கிராம் விதை போதுமானது. விதை குறைந்தால் வேறு கிருமிகள் முந்திக்கொள்ளும். களை முந்திய வயலில் பயிர் தேறாதது போலவே இதுவும்.

(2) ஆகாரம்: கோதுமைத் தவிட்டில் மாவுச்சத்து, புரதம், உப்புகள் யாவும் உள்ளன, அன்றியும் அது தளர்வாகக் கிடந்து காற்றுக்கு இடங்கொடுக்கும். இங்கே கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. பூஞ்சணத்துக்குச் சர்க்கரையை நேராகக் கொடுத்தால் அது நன்றாக வளரும். ஆனால் நொதிப்பொருளைச் சுருக்கிக்கொள்ளும். ஆக்கிய சோறு இலையில் இருக்கும்போது உலை மூட்டுவார் யார்? சர்க்கரை குறைந்து மாவுச்சத்து மிகுந்திருக்கும்போதே அது அமிலேஸை வெளியிட வேண்டியதாகிறது. அவ்வாறே நார்ச்சத்து மிகுந்த ஆகாரத்தில் செல்லுலேஸ் பெருகும். ஆதலின் உடல் கொழுப்பது வேறு, விளைச்சல் தருவது வேறு. தழைச்சத்து மிகுந்த நெற்பயிர் தழைத்து நின்றும் மணி குறைவதைக் கண்ட உழவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

(3) ஈரம்: தவிட்டில் பூஞ்சணம் வளர்ப்பதற்குச் சாதாரணமாக மொத்த எடையில் நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு ஈரம் ஏற்றதென்று கொள்ளப்படுகிறது. அதாவது உலர்ந்த தவிட்டின் எடைக்கு ஏறக்குறைய சமமான எடையோ, சற்று மிகுதியாகவோ நீர் சேர்க்க வேண்டும். கையில் அள்ளிப் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், நீர் சொட்டலாகாது. ஈரம் மிஞ்சினால் துகள்களுக்கிடையேயுள்ள துவாரங்கள் அடைபட்டுக் காற்றோட்டம் நின்று, வழவழப்பான பாக்டீரியாக் கிருமிகள் பெருகித் துர்நாற்றம் உண்டாகும். ஈரம் குறைந்தால் இழைகள் நீளாமல் முன்னதாகவே வித்துப் பூத்துவிடும். அரிசியில் வெளிப்புறம் சற்று வறண்டிருப்பது நன்மையே. ஏனெனில் ஈரத்தைத் தேடி இழைகள் பருக்கையின் உள்ளே ஊடுருவிச் செல்லும்.

(4) வெப்பம்: வளரத் தொடங்கும்போது 30 டிகிரி சென்டிகிரேட் அளவே போதும். பிறகு பூஞ்சணம் மூச்சுவிடுவதால் உண்டாகும் சூடே பெருந்தொல்லையாகும். வைக்கோற்போரின் உள்ளே கைவைத்தால் சுடுவது போலத் தவிட்டுக் குவியலின் நடுவிலும் சூடு தேங்கும். தவிடு சூட்டை எளிதில் வெளியே விடாது. 45 டிகிரிக்கு மேற்பட்டால் பூஞ்சணம் தளர்ந்து பயிர் கெடும். ஆகையால் தட்டில் பரப்பும் கனம் சில அங்குலத்துக்கு மேற்படாமல் வைத்துக் கொள்வது வழக்கம். பெரிய ஆலைகளில் ஈரமூட்டிய குளிர்காற்றை அடியிலிருந்து செலுத்தியும், இயந்திரத்தால் கிளறியும் சூட்டைப் போக்குகின்றனர்.

இவ்விடத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரே பூஞ்சணம் சுமார் 35 டிகிரியில் புரோட்டியேஸை மிகுதியாகவும், 40 டிகிரியை அடுத்த சூட்டில் அமிலேஸை மிகுதியாகவும் தருகிறது. இதனை நூலறிவின்றி அனுபவத்தாலேயே அறிந்த ஜப்பானிய மதுத்தொழிலாளர், அரிசிக் கோஜியை இறுதியில் 40 டிகிரிக்கு மேல் ஏறவிடுவர். சோயாக் குழம்பு செய்வோரோ பயற்றின் புரதம் கரைய வேண்டியிருப்பதால் சூட்டைத் தாழ்வாகவே அடக்கி மூன்று நாள் வரை வளர்ப்பர். எனவே உயர்ந்த விளைச்சலுக்கு உகந்த வெப்பம் எது என்று கேட்பதற்குமுன், எந்தப் பொருளின் விளைச்சல் என்று கேட்பதே முறை.

(5) காற்று: பூஞ்சணம் பிராணவாயுவை உட்கொண்டு கரியமில வாயுவை விடுவது. கரியமில வாயு தேங்கினால் வளர்ச்சி தடைப்படும். கிளறுவதால் காற்றும் புகும், சூடும் தணியும், கட்டிகளும் உதிரும். ஆனால் அளவுக்கு மிஞ்சிக் கிளறினால் மெல்லிய இழைகள் அறுபட்டு வளர்ச்சி பின்வாங்கும்.

(6) புளிப்பு நிலை: பூஞ்சணங்கள் பெரும்பாலும் இலேசான புளிப்பை விரும்பும், அழுகச் செய்யும் பாக்டீரியாக்கள் பல அதனைத் தாங்கமாட்டா. வெப்பம் மிகுந்த ஒக்கினாவாத் தீவிலும் தென் ஜப்பானிலும் கருங்கோஜியும் அதிலிருந்து பிறந்த வெண்கோஜியும் வழங்குகின்றன. இவை எலுமிச்சைப் புளிப்பைத் தாமே உண்டாக்கிக் கொள்வதால், வெயிற்காலத்திலும் ஊறல் கெடாமல் காக்கப்படுகிறது. நாட்டின் சீதோஷ்ணத்துக்கேற்ற வித்தைத் தேர்ந்தெடுப்பதன் அவசியத்துக்கு இது நல்ல உதாரணம்.

(7) அறுவடைக் காலம்: இழைகள் வெண்மையாகப் படர்ந்து, வித்துப் பூக்கத் தொடங்கும் தறுவாயில் நொதிப்பொருள் உச்சத்தை அடையும். பச்சை நிறம் கண்டபின் காத்திருப்பது நஷ்டமே. எடுத்தவுடன் ஆறவைத்து, மிதமான காற்றில் உலர்த்த வேண்டும். கொதிக்கும் நீரில் முட்டை உறைவது போல், மிகுந்த சூட்டில் நொதிப்பொருளும் உறைந்து வலியிழக்கும்.

வயற்சோதனையிலிருந்து பிறந்த கணக்கு

மேற்கூறிய அங்கங்கள் ஏழும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிறுத்திச் சோதிப்பது எளிதாயினும், அது உண்மையை முழுவதும் காட்டாது. உதாரணமாக, தவிடு மெல்லியதாகப் பரப்பப்பட்டிருக்கையில் நூற்றுக்கு 60 பங்கு ஈரம் நன்மை செய்யலாம். கனமாகப் பரப்பப்பட்டிருக்கையில் அதே ஈரம் காற்றை அடைத்துக் கேடு விளைவிக்கலாம். நீருள்ள வயலில் தழையுரம் தரும் பலனை வறண்ட வயலில் எதிர்பார்க்க முடியாதது போன்றதே இது.

இவ்வாறு பல காரணங்களை ஒருங்கே மாற்றிச் சோதித்து, ஒவ்வொன்றின் பலனையும், ஒன்றோடொன்று சேர்வதால் உண்டாகும் பலனையும் பிரித்தறியும் கணக்குமுறை, உழவுத் தொழிலிலிருந்தே பிறந்தது என்பது விவசாயிகளுக்குப் பெருமை தருவதாகும். இங்கிலாந்தில் ராதாம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1919 முதல் 1933 வரை பணிபுரிந்த ரொனால்ட் ஃபிஷர், உரச்சோதனைப் பாத்திகளை எவ்வாறு பிரித்தமைத்தல் வேண்டும் என்று ஆராய்ந்தபோது இதற்கு அடிகோலினார். 1935-ஆம் ஆண்டில் சோதனைகளின் அமைப்பைப் பற்றி நூலும் வெளியிட்டார். பல காரணங்களுள் முக்கியமானவற்றைச் சில சோதனைகளாலேயே பொறுக்கியெடுக்கும் முறையை 1946-ஆம் ஆண்டில் பிளாக்கெட்டும் பர்மனும் வகுத்தனர். உச்ச விளைச்சல் எங்குள்ளதென்று படிப்படியாக ஏறிக் கண்டறியும் முறையை 1951-ஆம் ஆண்டில் பாக்ஸும் வில்சனும் வெளியிட்டனர். இன்று உலகெங்குமுள்ள ஆராய்ச்சிசாலைகளில் பூஞ்சணத்துக்கு உகந்த ஈரத்தையும் வெப்பத்தையும் புளிப்பையும் வரையறுப்பதற்கு இம்முறைகளே கையாளப்படுகின்றன.

கெட்டிமுறையும் திரவமுறையும்

தவிட்டிலும் அரிசியிலும் வளர்ப்பது கெட்டிமுறை எனப்படும். பெரிய எஃகுத் தொட்டிகளில் ஆகாரத்தை நீரில் கரைத்து, காற்றைச் செலுத்திக் கலக்கி வளர்ப்பது திரவமுறை. திரவமுறையில் வெப்பத்தையும் புளிப்பையும் கருவிகளால் நொடிக்கு நொடி அளந்து அடக்கலாம். ஆதலின் பெருந்தொழிலில் அதுவே மேலோங்கியுள்ளது. எனினும் கெட்டிமுறைக்கே உரிய சிறப்பும் உண்டு. கோஜிப் பூஞ்சணத்தில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஒரு நொதிப்பொருளுக்கான மரபுக்கூறு, அரிசிப் பருக்கையில் வளரும்போது வலிமையாக வேலை செய்கிறது. நீரில் மூழ்கி வளரும்போது ஏறக்குறைய உறங்கிவிடுகிறது என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 1998-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஈரக்குறைவும், மிகுந்த சூடும், இழைகள் ஊடுருவிச் செல்வதற்குத் தடையாக நிற்கும் பருக்கையின் கெட்டித்தன்மையுமே அதனைத் தூண்டுபவை. மரத்தட்டில் கிளறிவந்த பழைய தொழிலாளரின் பக்குவம் காரணமின்றி ஏற்பட்டதன்று என்பது இதனால் புலப்படும்.

திரவமுறைக்குச் சிறந்த உதாரணம் டிரைக்கோடெர்மா ரீசெய் என்னும் பூஞ்சணம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரத் துணிகள் இற்றுப்போயின. அத்துணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இப்பூஞ்சணம் செல்லுலேஸை வெகுவாக வெளியிடுவதை எல்வின் ரீஸ் என்பவரும் மேரி மாண்டெல்ஸ் என்னும் அம்மையாரும் ஆராய்ந்தனர். ரீஸின் பெயராலேயே 1977-ஆம் ஆண்டில் அது பெயரிடப்பட்டது. கூடாரத்தை நாசஞ்செய்த அதன் சந்ததியே, பிற்காலத்தில் வைக்கோலைச் சர்க்கரையாக்கவும் துணியாலைகளில் பருத்தியைப் பதப்படுத்தவும் உதவும் நொதிப்பொருளைத் தந்தது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஹரியானா மாநிலத்துப் பானிப்பட்டில் நெல் வைக்கோலிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலை ஒன்று தொடங்கப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலைப் பயன்படுத்தி நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் எடுக்கும்படி அது அமைக்கப்பட்டது. வைக்கோலின் நார்ச்சத்தைக் கரைக்கும் நொதிப்பொருளின் விலை இத்தகைய தொழிலின் இலாபத்தைப் பெரிதும் பாதிப்பதாகும். ஆதலின் பூஞ்சணத்தின் விளைச்சல் பெருகப் பெருக வைக்கோலின் மதிப்பும் உயர வழியுண்டு.

பண்ணையில் காணும் பயன்

கோழி வளர்ப்போருக்கு இந்நூலறிவு நேரே பயன்தரும். தவிட்டிலும் தானியத்திலுமுள்ள மணிச்சத்தில் பெரும்பகுதி ஃபைட்டேட் என்னும் கட்டுண்ட நிலையில் இருத்தலின் கோழியும் பன்றியும் அதனைச் செரிக்க இயலாமல் எச்சத்தில் கழித்துவிடுகின்றன. இக்கட்டை அவிழ்க்கும் ஃபைட்டேஸ் என்னும் நொதிப்பொருள், ஆஸ்பர்ஜில்லஸ் இனத்துப் பூஞ்சணத்தின் மரபுக்கூற்றைக் கொண்டு தயாரிக்கப்பட்டு, 1991-ஆம் ஆண்டில் தீவனச் சரக்காக விற்பனைக்கு வந்தது. அதனைச் சேர்த்தால் விலைகொடுத்துச் சேர்க்கும் கனிம மணிச்சத்தைக் குறைக்கலாம். எச்சத்தால் நீர்நிலை கெடுவதும் குறையும். ஆனால் தீவனத்தை மிகுந்த சூட்டில் குருணையாக்கும்போது நொதிப்பொருள் வலியிழக்கக்கூடும் என்பதை வாங்குவோர் மறத்தலாகாது. சூட்டைத் தாங்கும் வகையா என்பதை விசாரித்தே வாங்க வேண்டும்.

தென்னந்தோப்பு உடையோர், கயிற்றாலைகளின் அருகே மலைபோல் குவிந்துகிடக்கும் நார்க்கழிவை எருவாக்கவும் பூஞ்சணமே துணைபுரிகிறது. அக்கழிவில் லிக்னின் என்னும் மரச்சத்து மிகுதியாயிருப்பதால் அது எளிதில் மக்காது. சிப்பிக்காளான் அம்மரச்சத்தைக் கரைக்கும் நொதிப்பொருளை விடக்கூடியது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் என்னும் கணக்கில், நிழலான இடத்தில் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிப் போட்டு, ஈரம் காயாமல் நீர் தெளித்துவந்தால் சுமார் ஒரு மாதத்தில் கழிவு கறுத்து மக்கி எருவாகும். இங்கும் விதை, ஆகாரம், ஈரம், காற்று, நிழல் என்னும் அதே அங்கங்களே வெற்றிக்குக் காரணம். நீர் காயவிட்டவரும், குளம்போல் தேக்கியவரும் ஒருங்கே ஏமாற்றமடைவர்.

முக்கியமான எச்சரிக்கை

கோஜிப் பூஞ்சணத்துக்கு மிக நெருங்கிய உறவினன் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் மற்றொரு பூஞ்சணம். இரண்டும் நிறத்திலும் உருவத்திலும் ஒத்திருக்கும். முன்னது பல தலைமுறை வளர்ப்பால் விஷமற்றதாக நின்றது. பின்னதோ நிலக்கடலை, மக்காச்சோளம், பருத்திக்கொட்டை முதலியவற்றில் அஃப்ளாடாக்ஸின் என்னும் கொடிய விஷத்தை உண்டாக்கக்கூடியது. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குத் தீவனத்திலிருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கின் இவ்விஷமே காரணம் என்று கண்டறியப்பட்டது. இந்நாட்டிலும் 1974-ஆம் ஆண்டில் அறுவடைக் காலத்து மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு, குஜராத்தில் பஞ்சமகால், ராஜஸ்தானில் பான்ஸ்வாடா ஆகிய பகுதிகளில் 397 பேர் ஈரல் நோயுற்று, அவருள் 106 பேர் இறந்தனர். அவர்கள் உண்டது பிறர் விற்ற கலப்படச் சரக்கன்று. தம் வயலில் விளைந்த சோளமே. வேறு தானியம் இல்லாத ஏழைக் குடும்பங்களே அதற்குப் பலியாயின.

ஆகவே, கண்ணால் பார்த்து இது நல்ல பூஞ்சணம், இது தீய பூஞ்சணம் என்று எவரும் முடிவுகட்டலாகாது. பத்தாயத்தில் தானே பூத்ததைக் கோஜியென்று எண்ணி விதையாக வைத்துக்கொள்ளுதல் பெரும் அபாயம். ஆராய்ச்சி நிலையங்களிலும் நம்பத்தக்க ஆய்வுக்கூடங்களிலும் தூய்மையாக வளர்க்கப்பட்ட வித்தையன்றி வேறொன்றையும் பயன்படுத்தலாகாது.

பூஞ்சணத்தைச் செழிக்கச் செய்யும் பக்குவங்களைத் தலைகீழாக்கினால் அதுவே தானியத்தைக் காக்கும் வழியாகும். அது ஈரத்தை நாடும். ஆதலின் நெல்லை நூற்றுக்கு 14 பங்குக்குக் குறைவாகவும், நிலக்கடலைக் காயை 8 பங்கு அளவுக்கும் ஈரம் வற்றும்படி காயவைத்தே சேமிக்க வேண்டும். குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிப்பது காய்ந்ததன் அடையாளம். அது தேங்கிய சூட்டை நாடும். ஆதலின் பிடுங்கிய செடிகளை ஈரத்தோடு குவித்து வைக்காமல், காய் மேல்நோக்கி இருக்கும்படி பரப்பி உலர்த்த வேண்டும். அது உடைந்த ஓட்டின் வழியே புகும். ஆதலின் களைக்கொத்தாலும் பூச்சியாலும் காயம்பட்ட காய்களையும், சுருங்கி நிறம் மாறிய பருப்புகளையும் தனியே பொறுக்கி விலக்க வேண்டும். கடைசிப் பருவத்தில் நேரும் வறட்சியும் இத்தொற்றுக்கு இடங்கொடுக்குமாதலால், முடிந்தவிடத்து அப்போது ஒரு பாய்ச்சல் கொடுப்பது நலம். உடைத்துப் போடும்போது எளிதாக இருக்குமென்று காயின்மேல் நீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விட்டொழித்தல் வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த கடலையையும் பிண்ணாக்கையும் மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அவ்விஷம் உருமாறிப் பாலில் இறங்கி வீட்டுக் குழந்தைகளையே வந்தடையும். வேகவைப்பதாலும் வறுப்பதாலும் அது முற்றிலும் அழிவதில்லை. நாள்பட உண்டால் ஈரலில் புற்றுநோய்க்கும் காரணமாகும். ஒரு மூட்டைப் பிண்ணாக்கின் விலையை நோக்கி இத்துன்பத்தை விலைக்கு வாங்குதல் அறிவுடைமையன்று.

கிராம அலுவலர்கள் இவ்விஷயத்தில் செய்யக்கூடியவை பல. அறுவடைக் காலத்தில் மழை பெய்தால் பொதுக்களங்களையும் மூடிய கட்டிடங்களையும் உலர்த்துவதற்குத் திறந்துவிடுதலும், தானியத்தின் ஈரத்தை அளக்கும் கருவி கொள்முதல் நிலையங்களில் எங்குள்ளதென்று குடிகளுக்குத் தெரிவித்தலும், நனைந்த தானியத்தை உண்டபின் ஒரே ஊரில் பலருக்கோ கால்நடைகளுக்கோ காமாலை கண்டால் தாமதியாமல் மருத்துவ அதிகாரிகளுக்கும் கால்நடை மருத்துவருக்கும் அறிவித்தலும் அவற்றுள் முக்கியமானவை.

ஈரம், வெப்பம், காற்று, காலம் ஆகிய நான்கையும் அளவறிந்து கொடுத்தவர் தவிட்டிலிருந்து மருந்தும், கழிவிலிருந்து எருவும் பெற்றனர். அதே நான்கையும் கவனியாது விட்டவர் விளைந்த தானியத்தையும், சிற்சில வேளைகளில் உயிரையும் இழந்தனர். பூஞ்சணம் எவருக்கும் நண்பனுமன்று, பகைவனுமன்று. அளித்த நிலைமைக்கேற்ப நடந்துகொள்ளும் ஒரு பயிரே. இவ்வாண்டு அறுவடை களத்துக்கு வருமுன்னரே உலர்த்துமிடத்தையும் சேமிக்குமிடத்தையும் செப்பனிட்டு வைத்துக்கொள்ளுதல் நிலமுடையோர் ஒவ்வொருவரின் கடமையாகும்.